ஆழ்சிரை இரத்த உறைவு: இயன்முறை சிகிச்சையில் ஆபத்தை மதிப்பிடும் முறை

கால்களின் தசைகளுக்கு இடையே ஆழத்தில் ஓடும் சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாவதே ஆழ்சிரை இரத்த உறைவு. மருத்துவமனைகளில் இதை டி.வி.டி. என்பார்கள். பெரும்பாலும் கெண்டைக்காலில் தொடங்கும். சிலருக்கு முழங்காலின் பின்புறச் சிரைக்கும் தொடைச் சிரைக்கும் அங்கிருந்து இடுப்புச் சிரைக்கும் ஏறும். உறைகட்டியின் ஒரு துண்டு பிய்ந்தால் அது இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பல்மனரி எம்பாலிசம் எனப்படும் இந்த அடைப்பு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. உயிர் தப்பினாலும் கால் முழுவதுமாகத் தப்பிவிடுவதில்லை. டி.வி.டி. வந்தவர்களில் 20 முதல் 50 விழுக்காட்டினர் வரை நாள்பட்ட வீக்கம், கனம், தோல் கருத்தல், ஆறாத புண் என்ற பின்விளைவுகளில் ஏதோ ஒன்றோடு வாழ வேண்டியிருக்கிறது.

இந்த நோய்க்கு ஆளாகும் வாய்ப்புள்ளவர்கள்தான் இயன்முறை சிகிச்சையாளரிடம் அதிகம் வருகிறார்கள்: மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்கள். அறுவை சிகிச்சை நிபுணர் வார்டு சுற்றில் சில நிமிடங்களே நோயாளியைப் பார்க்கிறார். சிகிச்சையாளரோ நாள்தோறும் அதே காலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுகிறார். வீடு திரும்பிய பிறகு பல வாரங்களுக்கு அந்தக் காலைப் பார்க்கும் பயிற்சி பெற்ற கண் அவருடையது மட்டுமாகவே இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே போகிறது. அங்கே பொறுப்பு இன்னும் கூடுகிறது. நோயை உறுதி செய்வது சிகிச்சையாளரின் வேலை அல்ல. ஐயத்தை அளந்து, காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டியவரிடம் சொல்வது அவர் வேலை.

உறைகட்டி உருவாகும் வழி

ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முக்காரணக் கோட்பாடு இன்றும் மதிப்பீட்டின் அடித்தளமாக நிற்கிறது. ஒன்று, சிரையில் இரத்த ஓட்டம் தேங்குவது. இரண்டு, சிரையின் உட்சுவர் காயப்படுவது. மூன்று, இரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு மாறுவது.

காலின் இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகிறது. வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. படுத்தே கிடப்பவருக்கு இந்தப் பம்பு நின்றுபோகிறது. கெண்டைச் சதைக்குள் பைபோல் விரிந்திருக்கும் சிரைக் குழிகளிலும் வால்வுகளின் மடிப்புகளிலும் இரத்தம் தேங்குகிறது. கெண்டைக்காலிலேயே பெரும்பாலான கட்டிகள் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் கூடும் இடம் முழங்கால் மாற்று அறுவை. தொடையில் கட்டும் டூர்னிகேயால் ஓட்டம் தடைப்படுகிறது; மூட்டை மடக்கித் திருப்பும்போது சிரைச் சுவர் இழுபடுகிறது; அறுவைக் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையால் இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது. தடுப்பு மருந்து கொடுக்கப்படாத நோயாளிகளுக்கு வெனோகிராபி எடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் 40 முதல் 60 விழுக்காட்டினருக்கும், தண்டுவடக் காயத்துக்குப் பின் 60 முதல் 80 விழுக்காட்டினருக்கும், பக்கவாதத்துக்குப் பின் 20 முதல் 50 விழுக்காட்டினருக்கும் உறைகட்டி காணப்பட்டது. அவர்களில் பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. கால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மதிப்பீட்டை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த எண்களே சான்று.

ஆபத்து வேறு, ஐயம் வேறு

மதிப்பீட்டில் இரண்டு கேள்விகள் உள்ளன. இரண்டையும் குழப்பிக்கொள்வதே நடைமுறையில் அதிகம் நேரும் பிழை.

முதல் கேள்வி: இந்த நோயாளிக்கு உறைகட்டி வரும் வாய்ப்பு எவ்வளவு? இது வருமுன் காக்கும் கேள்வி. அறிகுறி இல்லாதவரிடமும் கேட்க வேண்டியது. இதன் விடை தடுப்பு முறைகளைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் கேள்வி: இந்தக் காலில் இப்போதே கட்டி இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? வீக்கமோ வலியோ தென்பட்டவுடன் எழுவது இது. இதன் விடை, இன்று பயிற்சியைத் தொடரலாமா, நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. காப்ரினி, படுவா மதிப்பெண்கள் முதல் கேள்விக்கு உரியவை. வெல்ஸ் மதிப்பெண் இரண்டாம் கேள்விக்கு உரியது. காலில் வீக்கமே இல்லாத நோயாளிக்கு வெல்ஸ் மதிப்பெண் போட்டு “பூஜ்யம், ஆபத்து இல்லை” என்று எழுதுவது தவறு. கெண்டைக்கால் வீங்கி நிற்பவருக்குக் காப்ரினி மதிப்பெண் குறைவு என்று ஆறுதல் கொள்வதும் தவறு.

முதல் கேள்வி: வரும் வாய்ப்பை அளத்தல்

முதல் சந்திப்பிலேயே கேஸ் ஷீட்டைப் படித்து, நோயாளியையும் உடன் இருப்பவரையும் கேட்டு, கீழ்க்கண்டவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

• வயது. 40-ஐத் தாண்டிய பிறகு ஆபத்து படிப்படியாக ஏறுகிறது.
• கடந்த 3 மாதங்களில் நடந்த அறுவை, எலும்பு முறிவு, பெரிய விபத்து.
• படுக்கையில் கழிந்த நாட்கள். காலில் மாவுக்கட்டு அல்லது பிரேஸ். நாட்டு வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய கட்டும் இதில் சேரும். ஆஸ்பத்திரிக் கட்டைப் பற்றி மட்டும் கேட்டால் அந்தத் தகவல் வராது.
• புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்.
• முன்பு எப்போதாவது கால் வீங்கி, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டது. பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது அப்படி நேர்ந்தது.
• கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 வாரங்கள்.
• ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை. கேட்டால் ஒழிய இதைச் சொல்பவர் குறைவு; தனிமையில், பெண் ஊழியரைக் கொண்டு கேட்பது நல்லது.
• உடல் பருமன், இதயச் செயலிழப்பு, மூச்சுச் செயலிழப்பு, கடும் நோய்த்தொற்று, குடல் அழற்சி நோய், சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ரோட்டிக் நோய்.
• கழுத்து, மார்பு அல்லது தொடைச் சிரையில் போட்ட குழாய்.

இவற்றை எண்ணால் தொகுப்பதற்குத்தான் அளவுகோல்கள். அறுவை நோயாளிகளுக்கு அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் காப்ரினி வகுத்த அளவுகோல் பயன்படுகிறது. அதில் 41 முதல் 60 வயதுக்கு 1, 61 முதல் 74 வரை 2, 75 அல்லது அதற்கு மேல் 3 மதிப்பெண். திட்டமிட்ட இடுப்பு அல்லது முழங்கால் மாற்று, இடுப்பெலும்பு அல்லது கால் எலும்பு முறிவு, ஒரு மாதத்துக்குள் வந்த பக்கவாதம், ஒரு மாதத்துக்குள் நேர்ந்த தண்டுவடக் காயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 5. மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் போனால் உயர் ஆபத்து. எலும்பு மூட்டு வார்டிலும் நரம்பியல் வார்டிலும் பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு காரணத்தாலேயே இந்த வரம்பைத் தொட்டுவிடுகிறார்கள்.

அறுவை இல்லாமல் பொது மருத்துவ வார்டில் இருப்பவர்களுக்கு 2010-இல் வெளியான படுவா மதிப்பெண் பொருந்தும். புற்றுநோய், முந்தைய உறைவு, அறியப்பட்ட உறைவுக் கோளாறு, நடமாட்டக் குறைவு ஆகியவற்றுக்கு 3 வீதம். ஒரு மாதத்துக்குள் நேர்ந்த காயம் அல்லது அறுவைக்கு 2. 70 வயது நிறைவு, இதய அல்லது மூச்சுச் செயலிழப்பு, மாரடைப்பு அல்லது பக்கவாதம், கடும் தொற்று அல்லது வாத நோய், உடல் நிறை எண் 30-க்குக் குறையாத பருமன், ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றுக்கு 1 வீதம். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ஆபத்து. இங்கே நடமாட்டக் குறைவு என்பது, கழிப்பறைக்கு மட்டும் எழுந்துபோகும் நிலையில் குறைந்தது 3 நாட்கள் படுக்கையில் இருப்பது. அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் இயன்முறை சிகிச்சையாளர்தான். “நடக்கிறார்” என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். உண்மையில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மட்டுமே நடந்திருப்பார்.

உயர் ஆபத்து என்று தெரிந்தவுடன் பார்க்க வேண்டியது ஒன்று: தடுப்பு மருந்தோ கருவியோ எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தால் உண்மையில் தரப்படுகிறதா? மருந்துச் சீட்டில் இருந்து, வீட்டில் வாங்காமல் விடப்படும் ஊசிகள் உண்டு. இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் தடுப்பு மருந்து 35 நாட்கள் வரை நீட்டிக்கப்படுவதுண்டு. மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் ஆபத்து தொடர்வதே அதற்குக் காரணம்.

இரண்டாம் கேள்வி: காலைப் பார்த்தல்

ஒவ்வொரு அமர்விலும், பயிற்சி தொடங்கும் முன், இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேல் வரை துணி விலக்கி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் பார்த்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

நோயாளி “காலில் உறைவு” என்று சொல்ல மாட்டார். “சதை பிடிச்ச மாதிரி இருக்கு”, “நரம்பு இழுக்குது”, “கால் கனமா இருக்கு” என்பார். இந்தச் சொற்களைச் சாதாரணச் சதைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. சதைப்பிடிப்பு திடீரென்று வந்து, நீவினால் விடும். உறைவின் வலி விடாமல் நிற்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடும். காலை உயர்த்தினால் சற்றுத் தணியும்.

பார்க்க வேண்டியவை: ஒரு காலில் மட்டும் வீக்கம், நிற மாற்றம், பளபளக்கும் தோல், புடைத்துத் தெரியும் மேற்புறச் சிரைகள். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. எனவே நிறத்தை நம்பாமல் புறங்கையால் இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு கெண்டைக்காலின் நடுக்கோட்டிலும், முழங்கால் பின்குழியிலும், தொடையின் உட்புறத்திலும் மெதுவாக விரல்களால் அழுத்தி எங்கே வலிக்கிறது என்று பார்க்கலாம். பிசையக் கூடாது.

சுற்றளவை அளக்கும் முறை:

1. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் தளர்வாக நீட்டச் சொல்ல வேண்டும்.
2. முட்டிச் சில்லுக்குக் கீழே, முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.
3. அந்த மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களிலும் பேனாவால் குறியிட வேண்டும்.
4. குறி இருக்கும் இடத்தில் இஞ்ச் டேப்பைத் தோலை அழுத்தாமல், தொய்வும் இல்லாமல் சுற்றிச் செ.மீ. கணக்கில் படிக்க வேண்டும்.
5. இரண்டு முறை அளந்து, இரண்டு கால்களின் அளவையும் தேதி, நேரத்துடன் எழுத வேண்டும்.

வலிக்கும் கால் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெருத்திருந்தால் அது கணக்கில் சேரும். ஆனால் ஒரு நாள் அளவைவிடத் தொடர் அளவுகளே அதிகம் பேசும். அறுவைக்குப் பிந்தைய முதல் நாளிலேயே அளவை எழுதிவைத்தால்தான் பின்னர் வீக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

வெல்ஸ் மதிப்பெண்

கனடா மருத்துவர் ஃபிலிப் வெல்ஸும் குழுவினரும் 1997-இல் வெளியிட்டு 2003-இல் திருத்திய இந்த அளவுகோல்தான் டி.வி.டி. ஐயத்தை அளப்பதில் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. பின்வரும் ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண்:

• புற்றுநோய்: சிகிச்சை நடப்பது, 6 மாதங்களுக்குள் நடந்தது, அல்லது வலித்தணிப்பு நிலையில் இருப்பது
• கால் செயலிழப்பு, பலவீனம், அல்லது அண்மையில் காலில் போட்ட மாவுக்கட்டு
• அண்மையில் 3 நாட்கள் அல்லது அதற்கு மேல் படுக்கை. அல்லது 12 வாரங்களுக்குள் மயக்க மருந்து கொடுத்துச் செய்த பெரிய அறுவை
• ஆழ்சிரை ஓடும் வழியில் அழுத்தினால் வலி
• முழுக் காலும் வீங்கியிருத்தல்
• கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெருத்திருத்தல்
• வலிக்கும் காலில் மட்டும் விரல் அழுத்தினால் குழி விழும் வீக்கம்
• வெரிகோஸ் அல்லாத மேற்புறச் சிரைகள் புடைத்திருத்தல்
• முன்பு உறுதி செய்யப்பட்ட டி.வி.டி.

டி.வி.டி.க்கு இணையாகவோ அதைவிட அதிகமாகவோ பொருந்தக்கூடிய வேறு காரணம் இருந்தால் 2 மதிப்பெண் கழிக்க வேண்டும்.

மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் உறைவு இருக்க வாய்ப்புண்டு. 2-க்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு. 2003 ஆய்வில் முதல் பிரிவினரில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவினரில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கும் டி.வி.டி. இருந்தது. குறைந்த மதிப்பெண்ணும் நோய் இல்லை என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதை இந்த 6 விழுக்காடு நினைவூட்டுகிறது. அதனால்தான் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கும் டி-டைமர் இரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கிறது. அது இயல்பாக வந்தால் உறைவு அநேகமாக இல்லை என்று முடிவு செய்யலாம். மதிப்பெண் அதிகம் என்றால் நேராக டாப்ளர் ஸ்கேன். அறுவை, காயம், கர்ப்பம், தொற்று, புற்றுநோய் ஆகியவற்றில் டி-டைமர் தானாகவே ஏறியிருக்கும். ஆகவே மூட்டு மாற்று நோயாளியிடம் அது ஏறியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வெல்ஸ் அளவுகோல் வெளிநோயாளிகளை வைத்து உருவானது. உள்நோயாளிகளிடம் அதன் பிரித்தறியும் திறன் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் அது பொருந்தாது. கர்ப்ப காலத்தில் இடுப்பின் இடப்பக்கச் சிரை தமனியின் கீழ் நசுங்குவதால் உறைவு பெரும்பாலும் இடக்காலிலேயே வருகிறது. தொடையிலும் இடுப்பிலும் மட்டும் இருந்து கெண்டைக்கால் சாதாரணமாகத் தெரியலாம். கர்ப்பிணியின் இடக்கால் வீங்கினால் மதிப்பெண் போட்டுக்கொண்டிராமல் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

62 வயதுப் பெண். வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து 9-ஆம் நாள். வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர் 5-ஆம் நாள் அளந்தபோது வலது கெண்டைக்கால் 36 செ.மீ., இடது 34.5 செ.மீ. இன்று வலது 38, இடது 34.5. நேற்று இரவு முதல் “பின்னால சதை இறுகிக் கிடக்கு” என்கிறார். முழங்கால் மூட்டின் வீக்கம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. கணுக்காலுக்கு மேல் அழுத்தினால் குழி விழுகிறது. இடக்காலில் அப்படி இல்லை. கெண்டைக்கால் நடுக்கோட்டில் அழுத்தினால் முகம் சுளிக்கிறார்.

அறுவைக்கு 1, அழுத்தினால் வலிக்கு 1, 3.5 செ.மீ. வேறுபாட்டுக்கு 1, ஒரு காலில் மட்டும் குழி விழும் வீக்கத்துக்கு 1, மொத்தம் 4. இனி, வேறு காரணம் பொருந்துமா என்ற கேள்வி. அறுவைக்குப் பின் கால் வீங்குவது வழக்கம்தான் என்று 2-ஐக் கழிக்கத் தோன்றும். ஆனால் அறுவை வீக்கம் மூட்டைச் சுற்றி அதிகமாக இருந்து, நாளாக நாளாகக் குறைய வேண்டும். இங்கே மூட்டு வற்றுகிறது, கெண்டைக்கால் ஏறுகிறது. கழிப்பதற்கு இடமில்லை. கழித்தாலும் 2 மிஞ்சும். அதுவும் வாய்ப்புள்ள பிரிவே. அன்றைய மடக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அன்றே டாப்ளர் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்வதே சரியான முடிவு. இந்த முடிவை எளிதாக்கியது 5-ஆம் நாள் எழுதிய அளவு.

ஒத்துத் தோன்றும் நிலைகள்

செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்றில் காய்ச்சல், பரவும் சூடு, விரலிடுக்கில் புண் தென்படும். முழங்காலின் பின்னுள்ள பேக்கர் நீர்க்கட்டி உடைந்தால் கெண்டைக்கால் திடீரென வீங்கி, கணுக்காலைச் சுற்றி இரத்தக் கன்றல் தோன்றும். கெண்டைச் சதை கிழிந்தால் ஓடும்போதோ தாண்டும்போதோ சட்டென்று அடி விழுந்ததுபோல் இருந்ததாக நோயாளி சொல்வார். இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களில் வீக்கம் பொதுவாக இரண்டு கால்களிலும் இருக்கும். யானைக்கால் நோயின் வீக்கம் பல ஆண்டுகளாக வளர்ந்தது. தோல் தடித்து, அழுத்தினால் குழி விழாத நிலைக்குப் போயிருக்கும். ஆனால் ஏற்கெனவே வீங்கிய காலிலும் உறைவு வரலாம். “இந்தக் கால் எப்போதும் இப்படித்தான்” என்று நோயாளி சொன்னாலும், சில நாட்களில் புதிதாகக் கூடியதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த வேறுபாடுகள் மதிப்பெண் போடத் துணை செய்யும், டி.வி.டி. இல்லை என்று கையெழுத்திட உதவாது. ஸ்கேன் ஒன்றே தீர்ப்புச் சொல்லும்.

ஹோமன்ஸ் சோதனையின் இடம்

முழங்காலை நீட்டிவைத்துப் பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் கெண்டைக்காலில் வலி வருகிறதா என்று பார்ப்பது அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் பெயரால் வழங்கும் சோதனை. கல்லூரித் தேர்வுகளில் இன்னும் கேட்கப்படுகிறது. உறைவு உள்ள பலரிடம் அது வலி காட்டுவதில்லை. உறைவு இல்லாத பலரிடம், தசை இறுக்கத்தால் மட்டுமே, வலி காட்டுகிறது. அதை மட்டும் செய்துவிட்டு “ஹோமன்ஸ் நெகடிவ், பயிற்சி தொடரலாம்” என்று எழுதுவது ஆபத்தான பழக்கம். வெல்ஸ் அளவுகோலில் அதற்கு இடமே இல்லை என்பது கவனிக்கத் தக்கது.

கையில் வரும் உறைவு

மார்புச் சிரையில் கீமோதெரபிக் குழாய் போட்டவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தோளுக்கு மேல் கையைத் தூக்கிக் கடுமையாக உழைக்கும் இளைஞர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்குக் கையிலும் ஆழ்சிரை உறைவு வரலாம். கான்ஸ்டான்ஸ் அளவுகோல் எளியது: சிரைக் குழாய் அல்லது பேஸ்மேக்கருக்கு 1, ஓரிடத்தில் வலிக்கு 1, ஒரு கையில் குழி விழும் வீக்கத்துக்கு 1, வேறு காரணம் பொருந்தினால் 1 கழிக்க வேண்டும். 2 அல்லது 3 வந்தால் வாய்ப்பு அதிகம். மார்பகப் புற்று அறுவைக்குப் பின் கை வீக்கத்துடன் வருபவருக்கு நிணநீர் வீக்கம் என்று உடனே கட்டு சுற்றத் தொடங்கும் முன் இதைக் கணக்கிட வேண்டும்.

கட்டி நுரையீரலை அடைந்ததன் அறிகுறிகள்

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சு வலி, இரத்தம் கலந்த இருமல், காரணமில்லாத படபடப்பு, மயக்கம் ஆகியவை எச்சரிக்கைகள். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவதும், பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு வழக்கத்தைவிட இறங்குவதும் ஐயத்தை வலுப்படுத்தும். அறுவைக்குப் பின் முதன்முறை எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றல் பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. படுக்கவைத்தால் சில நிமிடங்களில் சரியாகும். படுத்த பின்னும் மூச்சு வாங்கினால் எம்பாலிசம் என்றே கருத வேண்டும். காலில் எந்த அறிகுறியும் இல்லாமலும் இது நேரலாம்.

இந்த நிலையில் நோயாளியை நடக்கவிடாமல், வசதியாகச் சாய்ந்து உட்காரவைத்து அவசரக் குழுவை அழைக்க வேண்டும். வீட்டில் என்றால் 108. ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

ஐயம் எழுந்தவுடன்

செய்ய வேண்டியவை: பயிற்சியை நிறுத்துவது, வெல்ஸ் மதிப்பெண், சுற்றளவுகள், நாடி, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைக் குறிப்பது, பொறுப்பு மருத்துவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேசுவது. கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது. “9-ஆம் நாள் முழங்கால் மாற்று நோயாளி, வலது கெண்டைக்கால் 3.5 செ.மீ. கூடுதல், வெல்ஸ் 4, மூச்சு சீராக உள்ளது, ஸ்கேன் தேவைப்படலாம்” என்று இரண்டு வரியில் சொன்னால் போதும்.

செய்யக் கூடாதவை: அந்தக் காலை மசாஜ் செய்வது, எண்ணெய் தேய்த்து உருவுவது, காற்றழுத்தக் கருவி மாட்டுவது, வெந்நீர் ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, கெண்டைச் சதையை இழுத்து நீட்டும் பயிற்சி. வீட்டில் கால் வீங்கினால் தைலம் போட்டு உருவிவிடுவது நம் குடும்பங்களில் அன்பின் செயல். உறைகட்டி இருக்கும் காலில் அது ஆபத்து என்பதை வீட்டிலிருப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கால் முழுவதும் நீலம் பாய்ந்து, தாங்க முடியாத வலியுடன் வீங்கிக் குளிர்ந்துபோனால், காலையே இழக்கும் நெருக்கடி அது. ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

உறுதியான பிறகு: எப்போது நடக்கவைப்பது?

டி.வி.டி. என்றால் பல நாட்கள் அசையாமல் படுக்க வேண்டும் என்பது பழைய முறை. உறைவெதிர் மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு நடப்பதால் எம்பாலிசம் அதிகரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வலியும் வீக்கமும் குறையவும் நடை உதவுகிறது. அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர் சங்கம் 2016-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டுதல், மருந்து செயல்படும் அளவை எட்டியவுடன் நடமாட்டத்தைத் தொடங்கச் சொல்கிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்ன மருந்து, முதல் முழு அளவு எப்போது தரப்பட்டது, இப்போது போதிய அளவை எட்டிவிட்டதா? எனாக்சபாரின் போன்ற ஊசிகளுக்கு முதல் அளவுக்குப் பின் 3 முதல் 5 மணி நேரம். ஃபான்டபாரினக்ஸ், ரிவராக்சபான் ஆகியவற்றுக்கு 2 முதல் 3 மணி நேரம். அபிக்சபானுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம். சாதாரண ஹெப்பாரின் சொட்டாக ஏறுகிறது என்றால் ஏ.பி.டி.டி. பரிசோதனை இலக்கை எட்டியதை உறுதி செய்ய வேண்டும். வார்ஃபரின் மட்டும் என்றால் அவசரப்படக் கூடாது. அது வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதுவரை ஹெப்பாரின் வகை ஊசியும் சேர்ந்து நடக்கும். ஐ.என்.ஆர். 2 முதல் 3 வரை இருப்பது இலக்கு.

இந்த நேரக் கணக்கு நிலையான இரத்த அழுத்தமும் சீரான மூச்சும் உள்ளவருக்கு. எம்பாலிசம் வந்தவரையும், இரத்தக் கசிவு காரணமாக உறைவெதிர் மருந்தே தர முடியாதவரையும் மருத்துவரின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி எழுப்பக் கூடாது. மருந்து தர முடியாமல் கீழ்ப்பெருஞ்சிரையில் வடிகட்டி பொருத்தியிருந்தால், உடல்நிலை நிலைப்பட்டபின் நடக்கவைக்கலாம்.

மருந்து தொடங்கியபின் கவலை இரத்தக் கசிவின் பக்கம் திரும்புகிறது. விழாமல் காப்பது முதல் கடமை. நடைச்சட்டம், இடுப்புப் பட்டி, உடன் ஓர் ஆள் என்று ஏற்பாடு வேண்டும். ஆழமாகத் தேய்க்கும் மசாஜ், மூட்டை வேகமாகச் சொடுக்கும் உத்திகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காரணமில்லாத கன்றல், மூட்டு திடீரென வீங்குதல், கறுத்த மலம், கடும் தலைவலி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும்.

தடுப்பில் சிகிச்சையாளரின் பங்கு

முடிந்தவரை விரைவில் எழுப்பி நடக்கவைப்பதே முதன்மையானது. எழ முடியாதவருக்குக் கணுக்காலை மேலும் கீழும் முழு வீச்சில் அசைக்கும் பயிற்சி விழித்திருக்கும் நேரமெல்லாம் அடிக்கடி தேவை. இது இரத்த ஓட்டத்தைக் கூட்டும். உயர் ஆபத்து உள்ளவருக்கு மருந்துக்கு மாற்றாகாது. நீர் போதிய அளவு குடிக்கச் சொல்ல வேண்டும்; கெண்டைக்காலின் அடியில் தலையணை வைத்து அழுத்தம் விழச் செய்யக் கூடாது.

பக்கவாத நோயாளிகளுக்குத் தொடை வரையிலான அழுத்தக் காலுறையை மாட்டும் வழக்கத்தை 2009-இல் வெளியான க்ளாட்ஸ் ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. உறைவு குறையவில்லை; தோல் புண்கள் கூடின. 2013-இல் வெளியான மூன்றாம் க்ளாட்ஸ் ஆய்வில், விட்டுவிட்டு அழுத்தும் காற்றுக் கருவி மாட்டிய அசையாத பக்கவாத நோயாளிகளில் 8.5 விழுக்காட்டினருக்கே உறைவு வந்தது, மாட்டாதவர்களில் 12.1 விழுக்காடு. கருவியோ காலுறையோ மாட்டும் முன் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீரிழிவாலும் புகையாலும் தமனி சுருங்கிய காலில் அழுத்தம் கொடுத்தால் திசு அழியும்.

பதிவும் வீட்டுக்கான அறிவுரையும்

ஒவ்வொரு அமர்வின் குறிப்பிலும் ஐந்து பதிவுகள் இருக்க வேண்டும்: ஆபத்து நிலை, தடுப்பு மருந்தோ கருவியோ தரப்படுகிறதா என்பது, இரு கெண்டைக்கால் சுற்றளவு, புதிய அறிகுறி உண்டா இல்லையா, ஐயம் எழுந்திருந்தால் யாரிடம் எந்த நேரத்தில் சொல்லப்பட்டது. வேறொரு சிகிச்சையாளர் மறுநாள் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இவை போதும்.

வீடு திரும்பும் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் எழுத்தில் தர வேண்டியவை: ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், மயங்கினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும், தடுப்பு ஊசியையோ மாத்திரையையோ சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது, வீங்கிய காலை உருவக் கூடாது, அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் நீண்ட பேருந்துப் பயணம் தவிர்க்க முடியாவிட்டால் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் இவற்றை வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, சரியாகப் புரிந்துகொண்டதைக் கேட்டு உறுதி செய்த பிறகே அமர்வை முடிக்க வேண்டும்.